இணையத்துக்குப் புதியவர்களுக்கு வகுப்பில் என்னென்ன செய்ய வைக்கலாம்?

மாலைவகுப்பு:

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்களுக்கு இணையம் சொல்லித்தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம். வருபவர்களில் சிலர் கணினியைத் தொட்டதே இல்லை. சிலர் கைப்பேசிக்கு வரும் வீடியோவைப் பார்ப்பார்கள், அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஆனால் தாமாக ஒன்றைத் தேடி எடுக்கத் தெரியாது. சில கணினிகள், ஒரு புரொஜெக்டர், அவரவர் கைப்பேசி, வசதி இவ்வளவுதான்.

கிடைத்த பாடத்திட்டங்களைப் புரட்டினேன். இணையம் என்றால் என்ன, உலாவி என்றால் என்ன, தேடுபொறி என்றால் என்ன என்று வரையறைகளாகவே போகின்றன. நான் பேச, அவர்கள் சுவரைப் பார்த்துத் தலையாட்ட, மணி அடித்ததும் எழுந்து போகிற வகுப்பு எனக்கு வேண்டாம். வந்தவர்கள் தங்கள் கையால் ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும். நீங்கள் வகுப்பில் செய்து பார்த்து, பலன் தந்தவற்றைச் சொல்லுங்கள். எதை முதலில் வைப்பது என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

சாக்பீஸ்:

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். செயல்பாடுகளுக்கு முன்னால் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். கற்பவரின் கைப்பேசியையோ மவுஸையோ நீங்கள் தொடவே கூடாது. "கொடுங்க, நான் காட்டுறேன்" என்று வாங்கி நாலு தட்டு தட்டிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும், கற்றல் நின்றுவிடும். அவர் பார்த்தது உங்கள் விரலின் வேகத்தை மட்டும்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொல்லிப் பாருங்கள்: "மேலே வலது மூலையில் மூன்று புள்ளி தெரிகிறதா? அதைத் தொடுங்கள். என்ன வந்தது?" அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். திரையில் மாறியதை அவரே வாசித்துச் சொல்லும்போதுதான், திரையை வாசிக்க வேண்டும் என்ற பழக்கமே வருகிறது.

இதையே இருவர் செயல்பாடாக்கலாம். ஒருவர் கை, ஒருவர் வாய். கொஞ்சம் தெரிந்தவருக்கு வாய் மட்டும்தான், கருவியைத் தொட அனுமதி இல்லை. தெரியாதவர் கையால் செய்வார். பத்து நிமிடத்தில் இடம் மாறிக்கொள்ளட்டும். தெரிந்தவருக்கும் இது நல்ல பயிற்சி. "அதோ அது" என்று சொன்னால் எதிராளிக்குப் புரியாது, "நீல நிறத்தில் வட்டமாக இருப்பது" என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் விரல். மவுஸ் பழகாதவர்களுக்கு முதல் நாள் சீட்டாட்டம் வையுங்கள். 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த சாலிடேர், ஓர் அட்டையைப் பிடித்து இழுத்து இன்னோரிடத்தில் விடும் பழக்கத்தைப் பலருக்கும் சொல்லாமலே சொல்லிக்கொடுத்தது. இன்றும் அதே வழி பலிக்கிறது. கைப்பேசிக்காரர்களுக்கு வரைபடம் திறந்து கொடுங்கள். இரண்டு விரலால் விரித்து, நகர்த்தி, தாங்கள் பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாமல் விரல் பழகிவிடும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. வயதானவர்கள் திரையை அழுத்தித் தொடுவார்கள், விரலை உடனே எடுக்க மாட்டார்கள். கைப்பேசி அதைத் "தொட்டுப் பிடித்தல்" என்று எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறக்கும், அல்லது ஐகானை இடம் மாற்றும். அவரோ தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பயந்துவிடுவார். கைப்பேசி அமைப்புகளில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) என்ற பகுதிக்குள் போனால் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டிவைக்கலாம். எழுத்தளவையும் பெரிதாக்கிவிடுங்கள். விரல் காய்ந்திருந்தால் சில திரைகள் தொடுதலை உணராது. அதற்கு வகுப்பில் ஈரத்துணி ஒன்று இருக்கட்டும்.

நூலகத்தோழி:

சாக்பீஸ் சார் சொன்ன விதிக்கு முழு ஆதரவு. நான் தேடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். "எனக்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பாட்டு ஒன்றின் முதல் வரி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை எதற்கு, பேரப்பிள்ளை இருக்கும் ஊரில் இப்போது மணி என்ன என்று வரும். அந்தச் சீட்டுகள்தான் உங்கள் பாடத்திட்டம். நாம் தயாரித்துக் கொண்டுபோகும் எடுத்துக்காட்டைத் தேட அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. தங்கள் சீட்டுக்கு விடை கிடைக்கும் வரை எழுந்து போக மாட்டார்கள்.

அடுத்தது, எனக்குப் பிடித்த செயல்பாடு. ஒரு தேடல் முடிவுப் பக்கத்தைத் தாளில் அச்சிட்டு, இருவருக்கு ஒன்றாகக் கொடுங்கள். கூடவே மூன்று வண்ணப் பேனா. விளம்பரம் என்று குறித்திருப்பதைச் சிவப்பில் வட்டமிட வேண்டும். எந்தத் தளம் என்று காட்டும் முகவரியைப் பச்சையில் அடிக்கோடிட வேண்டும். தேதி இருந்தால் நீலம். திரையில் கண் தாவித் தாவிப் போகும். தாளில் நின்று பார்க்கும். முதல் முடிவே சிவப்பு வட்டத்துக்குள் வந்துவிட்டதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதற்குப் பிறகு திரையிலும் அந்தச் சிறு எழுத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சொற்களைத் திருத்தும் பயிற்சியும் வையுங்கள். "வலி" என்று தேடட்டும். பிறகு "முழங்கால் வலி", அதற்கும் பிறகு "முழங்கால் வலி படி ஏறும்போது". மூன்றிலும் என்ன மாறியது என்று அவர்களே சொல்லட்டும். நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

பழைய_மோடம்:

எல்லாரும் "எப்படிப் பயன்படுத்துவது" என்றே எழுதுகிறீர்கள். இணையம் எப்படி ஓடுகிறது என்பதையும் ஒருநாள் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. அதற்குக் கணினியே வேண்டாம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடன் இருந்தவர்களும் கணினியைத் தொடாமலே கணினி அறிவியலைச் சொல்லித்தரும் விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக உருவாக்கிவருகிறார்கள். அந்தப் பாணியில் நான் செய்வது இது.

ஒருவர் பத்துப் பன்னிரண்டு சொற்களில் ஒரு செய்தி எழுதுவார். அதைச் சொல் சொல்லாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண்ணும், யாருக்குப் போக வேண்டும் என்பதும் எழுத வேண்டும். அறையின் எதிர்மூலையில் இருப்பவர் பெறுபவர். நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் வழிப்படுத்திகள், அதாவது ரவுட்டர்கள். துண்டு கைக்கு வந்தால், பெறுபவர் இருக்கும் பக்கமாக யாருக்காவது தள்ள வேண்டும், அவ்வளவுதான். எல்லாத் துண்டும் ஒரே வழியில் போகாது. முன்னால் புறப்பட்டது பின்னால் வந்து சேரும். நான் யாரும் பார்க்காதபோது ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். பெறுபவர் அடுக்கிப் பார்த்துவிட்டு, "ஏழாவது வரவில்லை" என்று கத்துவார். அனுப்பியவர் ஏழை மறுபடி எழுதி அனுப்புவார். முடிந்தது. வலையில் தரவு உண்மையிலேயே இப்படித்தான் போகிறது. ஒரு துண்டு பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மிகாது, அதனால் ஒரு புகைப்படம்கூட ஆயிரக்கணக்கான துண்டுகளாகத்தான் கிளம்பும்.

விளையாட்டு முடிந்ததும் ஒரு கதை சொல்வேன். 1969 அக்டோபர் 29 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதல் செய்தி அனுப்பினார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு. "லாகின்" என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. சற்று நேரம் கழித்துத்தான் முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. தங்கள் கைப்பேசி நடுவில் நின்றுபோனால் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல்.

சாக்பீஸ்:

மோடம் ஐயா, விளையாட்டு அருமை, மறுக்கவில்லை. ஆனால் படிவம் நிரப்பவும் மகளிடம் முகம் பார்த்துப் பேசவும் வந்தவருக்குத் தரவுத் துண்டு எதற்கு? வாரம் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. வழிப்படுத்தி என்றால் என்னவென்று தெரியாமலே கோடிக்கணக்கானவர்கள் இணையத்தை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள்.

பழைய_மோடம்:

முதல் வாரம் வைக்கச் சொல்லவில்லை தம்பி. மூன்றாவது, நான்காவது வாரம் அரை மணி நேரம் போதும். ஏன் வேண்டும் என்றால், அதைத் தெரிந்துகொள்ளாமல் புரியாத விஷயங்கள் சில இருக்கின்றன. வீடியோ ஏன் நடுவில் சுற்றிக்கொண்டு நிற்கிறது? துண்டுகள் வந்து சேரவில்லை. நான் அனுப்பிய படத்தை என் கைப்பேசியில் அழித்துவிட்டேன், போய்விட்டதுதானே? இல்லை, மறுமுனையில் ஒரு பிரதி இருக்கிறது. வழியில் ஏதாவதொரு நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. விளையாட்டு முடிந்ததும் அனுப்பியவரிடம், "உங்கள் தாளைக் கிழித்துப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு பெறுபவரைச் செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாசிப்பார். அந்த நொடியில் அறை முழுக்கப் புரிந்துவிடும்.

இன்னொன்று. இணையம் வானத்தில் செயற்கைக்கோளில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். கண்டங்களுக்கு இடையே போகும் தரவில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிள்கள் வழியாகத்தான் போகிறது. கேபிள்களின் வரைபடத்தை ஒருமுறை புரொஜெக்டரில் போட்டுக் காட்டுங்கள், கண் அகலமாகப் பார்ப்பார்கள்.

சாக்பீஸ்:

தாளைக் கிழிக்கிற அந்த இடத்துக்காகவே நானும் வைத்துக்கொள்கிறேன். சரி, நான்காவது வாரம்.

தட்டச்சு:

எல்லாப் பாடத்திட்டமும் ஒரே வரியில் "மின்னஞ்சல் கணக்கு தொடங்குதல்" என்று எழுதிவிட்டுப் போகிறது. புதியவர்கள் அதிகம் பேர் விட்டுவிட்டுப் போவது அங்கேதான். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். பிறந்த ஆண்டைச் சுழற்றிச் சுழற்றிப் பின்னால் போக வேண்டும். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து கடவுச்சொல் வேண்டும், அதுவும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கண் ஐகானைத் தொட்டால் எழுத்து தெரியும் என்று யாரும் சொல்வதில்லை. பிறகு சரிபார்ப்பு எண் குறுஞ்செய்தியாக வரும். அதைப் பார்க்க வெளியே போனால், நிரப்பிக்கொண்டிருந்த பக்கம் எங்கே போனதென்று தெரியாது. திரும்பி வருவதற்குள் எண்ணின் நேரம் முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்புவதைத் தனிச் செயல்பாடாக வையுங்கள். இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவர் மற்றவருக்கு நான்கு இலக்க எண் ஒன்றைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டும். பெற்றவர் குறிப்புச் செயலியைத் திறந்து வைத்திருப்பார். செய்திக்குப் போய், எண்ணைப் பார்த்து, குறிப்புக்குத் திரும்பி வந்து தட்ட வேண்டும். அரை மணி நேரம் இதை மட்டும் செய்தால் கணக்குத் தொடங்கும் நாளில் பாதிக் கண்ணீர் மிச்சம்.

கடவுச்சொல்லுக்குப் பகடை. வகுப்புக்காக 36 சொற்கள் கொண்ட பட்டியல் எழுதி ஒட்டுங்கள். இரண்டு பகடை உருட்டினால் ஒரு சொல். நான்கு முறை உருட்டினால் நான்கு சொல் சேர்ந்த கடவுச்சொல். எளிதாக நினைவிலும் நிற்கும். ஆனால் இது பயிற்சிக்கு மட்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். 36 சொல்லில் நான்கு என்றால் மொத்தம் சுமார் 17 லட்சம் வழிகள்தான், கணினிக்கு அது கண்மூடித் திறக்கும் வேலை. நிஜப் பயன்பாட்டுக்கு ஐந்து பகடை உருட்டி 7776 சொற்களிலிருந்து எடுக்கும் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நீளத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தது. காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும் சொன்னது. கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

தமிழில் தட்டச்சுக்கு: முதலில் குரல்வழி உள்ளீடு, பிறகு விசைப்பலகை. தேடல் பெட்டியில் பேசினால் எழுத்து விழுவதைப் பார்க்கும் மகிழ்ச்சியே அடுத்த வாரம் அவர்களை வரவைக்கும். ஆர்வமுள்ளவர்களுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைக் காட்டுங்கள். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து வலக்கைப் பக்கம் என்பதால் சீக்கிரம் பிடிபடும்.

கம்பியில்லா:

பாதுகாப்பு பற்றி யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள். "பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம்" என்று தயவுசெய்து சொல்லித்தராதீர்கள். நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தத் தளமே திருடனுடையதாக இருக்கலாம், அதற்கும் பூட்டு இருக்கும். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் உலாவி 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

அதற்குப் பதில் முகவரியை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். நீளமான தாள் பட்டைகளில் முகவரிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பட்டையில் வங்கியின் பெயரும் டாட் காமும் முதலில் வந்து, அதற்குப் பின்னால் புள்ளி வைத்து வேறு ஏதோ பெயரும் டாட் நெட்டும் இருக்கட்டும். கற்பவர் கத்தரிக்கோலால் முதல் சாய்கோட்டில் (/) வெட்ட வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்கு இருபுறமும் இருப்பதுதான் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயர் (சில நாட்டு முகவரிகளில் இன்னொரு புள்ளி தள்ளிப் போக வேண்டும்). வங்கியின் பெயர் முன்னால் எவ்வளவு கொட்டை எழுத்தில் இருந்தாலும் அது வெறும் அலங்காரம். தாளை வெட்டியவர்கள் இதை மறப்பதில்லை. பயிற்சிக்கு எக்ஸாம்பிள் டாட் காம் என்ற முகவரியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இப்படிப்பட்ட விளக்கங்களுக்கென்றே ஒதுக்கிவைத்த முகவரி அது, யாரிடமும் போய் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து நடிப்பு. ஒருவர் மோசடிக்காரர், அவர் கையில் வசனம் எழுதிய சீட்டு: "உங்கள் கணக்கு இன்று மாலையோடு முடங்கிவிடும், இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள், யாரிடமும் பேச வேண்டாம்." மற்றவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். "வைத்துவிடுகிறேன், நானே கூப்பிடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பெரியவர்கள் பலருக்கு எதிரில் பேசுபவரை நடுவில் வெட்டுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும். மோசடிக்காரர்களுக்கு அதுதான் கைப்பிடி. எச்சரிக்கை வாசகம் படிப்பதைவிட, அந்த வாக்கியம் நாக்குக்குப் பழகுவது பெரிது. ஒருவர் விடாமல் சொல்லட்டும், சத்தமாகவே சொல்லட்டும். பிறகு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: எங்கே பயமுறுத்துகிறான், எங்கே அவசரப்படுத்துகிறான், எங்கே ரகசியம் காக்கச் சொல்கிறான்.

ஒரே நாளில் எல்லா மோசடியையும் அடுக்கிவிடாதீர்கள். கைப்பேசியை அணைத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

நூலகத்தோழி:

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் பயிற்சியும் இதனோடு சேரும். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றிய இணையதளம் ஒன்று 1998 முதல் இருக்கிறது, முழுக்கக் கட்டுக்கதை. படம், விளக்கம், காப்பாற்றுங்கள் என்ற வேண்டுகோள் எல்லாம் அசல் போலவே இருக்கும். பல நாடுகளில் வகுப்பறையில் காட்டுகிறார்கள். பக்கத்தையே உற்று உற்றுப் பார்ப்பதால் பயன் குறைவு. உலாவியில் புதிய தாவல் (டேப்) திறந்து, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழுவினர், செய்தி சரிபார்ப்பவர்களையும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய்த் தேடினார்கள். மற்றவர்கள் பலர் உள்ளேயே தங்கி ஏமாந்தார்கள்.

ஏமாந்தவரை வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். குழுவாகச் செய்யட்டும், யார் நம்பினார் என்று கேட்காதீர்கள்.

கற்றுக்கொள்பவன்:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் இதெல்லாம் கற்றேன். எங்கள் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்லலாமா?

எங்களுக்கு இருக்கும் முதல் பயம் தொலைந்துபோவது. ஏதோ தொட்டோம், வேறு ஏதோ வந்துவிட்டது, முன்னால் இருந்தது எங்கே? உங்கள் புரொஜெக்டரில் இருப்பதும் என் கையில் இருப்பதும் வேறாகிவிட்ட அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் சொல்வது எதுவும் காதில் விழாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். வகுப்பு முடியும்வரை தலையாட்டிக்கொண்டே இருப்போம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வேலை செய்தார். "இப்போது எல்லாரும் வேண்டுமென்றே தொலைந்துபோங்கள்" என்றார். கண்ணில் பட்டதையெல்லாம் தொட வேண்டும், எவ்வளவு தூரம் போக முடியுமோ போக வேண்டும். விலை கேட்கிற இடத்திலும் 'அனுப்பு' என்கிற பொத்தானிலும் மட்டும் கை வைக்கக் கூடாது. பிறகு அவர் கைதட்டியதும் முகப்புத் திரைக்குத் திரும்ப வேண்டும். பின்செல்லும் அம்புக்குறி, முகப்புப் பொத்தான், திறந்திருக்கும் செயலிகளின் பட்டியல், இந்த மூன்றில் எதைப் பயன்படுத்தி வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். வகுப்பு தவறாமல் முதல் பத்து நிமிடம் இதுதான். எங்கே போனாலும் திரும்பி வந்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் ஏறியது.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். "இது ரொம்ப சுலபம்" என்று சொல்லாதீர்கள். சுலபமானதே வரவில்லையே என்று மனம் விட்டுப்போகும்.

சாக்பீஸ்:

ஐயா, மன்னிப்பு எதற்கு? இந்த இழையில் வந்ததிலேயே பயனுள்ள பதிவு உங்களுடையதுதான். தொலைந்துபோகும் பயிற்சியை நாளைய வகுப்பிலேயே வைக்கிறேன்.

மாலைவகுப்பு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டு வரிசையை மாற்றிவிட்டேன். முதல் வாரம் சீட்டு, விரல் பழக்கம், தொலைந்து திரும்புதல். இரண்டாவது வாரம் குரல்வழித் தேடலும் வண்ணப் பேனாவும். மூன்றாவது வாரம் செயலி மாறுதல், பகடை. நான்காவதில் தரவுத் துண்டும் தாள் கிழிப்பும், அதன் பிறகு கத்தரிக்கோலும் நடிப்பும். வரையறைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்தந்தப் பெயர் தேவைப்படும் நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சந்தேகம். வேகமாக முடித்துவிடுபவர்களை என்ன செய்வது? மெதுவாக வருபவர்களுக்கு உதவச் சொல்லலாமா?

சாக்பீஸ்:

ஒருமுறை, இரண்டுமுறை சொல்லலாம். எப்போதும் அதையே கொடுத்தால் அவர்கள் கற்பது நின்றுவிடும், அவர்களும் கற்கத்தான் வந்திருக்கிறார்கள். உதவும்போதும் கை கட்டும் விதி அவர்களுக்கும் உண்டு. மற்றபடி அவர்களுடைய சீட்டிலிருந்தே கடினமான அடுத்த கேள்வியைக் கொடுங்கள். பாட்டைக் கண்டுபிடித்தவர், அதை எழுதியவர் யார் என்று இரண்டு வெவ்வேறு தளங்களில் பார்த்து ஒத்துப்போகிறதா என்று சொல்லட்டும்.

தட்டச்சு:

கிளம்பும் முன் ஒரு நடைமுறை விஷயம். கணக்குத் தொடங்கும் வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வைஃபையிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே இணைப்பிலிருந்து வரிசையாகப் புதுக் கணக்குகள் வந்தால் சில சேவைகள் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். பாதிப் பேர் தங்கள் கைப்பேசித் தரவில் செய்யட்டும், மீதிப் பேர் அடுத்த வாரம். பொதுக் கணினியில் உள்நுழைந்தவர்கள் வெளியேறிவிட்டார்களா என்று நீங்கள் போய்ப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள்.